துருவும் அதனைத் தடுக்குங் கையும்

பாலம், கப்பல், எண்ணெய்த் தொட்டி, ஆலைக்கூரை முதலிய பெரும்பணிகள் பலவும் இரும்பினால் ஆயவை. மனிதன் மண்ணினின்று தாதுவைத் தோண்டி, உலையிலிட்டு உருக்கி, இவற்றைச் சமைக்கின்றான். இரும்போ தான் முன்னிருந்த நிலைக்கே மீள முயல்கின்றது. அம்முயற்சியையே துரு என்கின்றோம். துருப்பிடித்தல் எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தடுக்கும் பூச்சு எத்தன்மையது, அதனைப் பூசுதற்கு உரியவர் யாவர் என்னும் மூன்றினையும் ஈண்டுச் சுருக்கமாய் விளக்க எண்ணுகின்றோம். முதலிரண்டும் பலராற் பேசப்படுவன. மூன்றாவதே பெரிதும் மறக்கப்படுவது.

துரு உண்டாதற்கு நீரும் பிராணவாயுவும் வேண்டும். ஈரம் படிந்த இரும்பின் மேற்பரப்பு ஒரு சிறு மின்கலம் போலத் தொழிற்படும். ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரையும். பிறிதோரிடத்தில் நீரும் பிராணவாயுவும் அவற்றை ஏற்கும். இவ்விரு செயலின் பயனே செம்பழுப்பான துரு. நீரில் உப்புக் கலந்திருப்பின் மின்னோட்டம் எளிதாகும்; அரிப்பும் விரையும். துருவானது தான் தோன்றிய இரும்பினும் பருமனில் மிக்கது. ஆதலின் மேலுள்ள பூச்சினை உந்திப் பிளக்கும். பிளந்த வழியே மேலும் ஈரம் புகும்.

கடலின்மேல் நிற்கும் இரும்பின் நிலை யாதென்பதற்குப் பாம்பன் இரயிற்பாலமே தக்க சான்று. 2 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அப்பாலம் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உப்புக்காற்று ஓயாது மோதும் அவ்விடத்தில், சுரண்டியும் பூசியும் பேணிய கைகளின் துணையால் அது நூறாண்டு கடந்து நின்றது. எனினும் கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் பகுதி துருவினால் நலிவுற்றமையின், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மேல் இரயில்கள் செல்வது நிறுத்தப்பட்டது. அதன் அருகே எழுப்பிய புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் இரும்பினைக் காக்கும் வழிகளுள் தலையாயது பூச்சு. அஃது அழகிற்காகத் தீட்டும் வர்ணம் அன்று. கடற்கரைப் பணிகளுக்கு வழங்கும் முறையொன்றில் மூன்று படைகள் உள. அடிப்பூச்சில் துத்தநாகத் தூள் செறிந்திருக்கும். துத்தநாகம் இரும்பினும் முந்தித் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நடுப்பூச்சாகிய எபாக்ஸி ஈரத்திற்கு மதிலாய் நிற்கும். மேற்பூச்சாகிய பாலியூரித்தேன் வெயிலைத் தாங்கும். மூன்றுஞ் சேர்ந்த கனமோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்களவே. இம்மெல்லிய தோலே பல்லாயிரம் டன் இரும்பிற்குக் கவசம்.

ஆயினும் எத்துணை உயர்ந்த பூச்சும் அழுக்கின்மேல் நில்லாது. ஆதலின் முதற்கண் எண்ணெய்ப் பசையும் உப்பும் போகக் கழுவுவர். உப்பு எஞ்சின் அது பூச்சினூடே நீரை ஈர்த்துக் கொப்புளங்களை எழுப்பும். பின்னர்க் கூரிய துகள்களைக் காற்றின் விசையால் எறிந்து பழந்துருவை நீக்குவர். இங்ஙனம் துலக்கிய தூய்மையை ஒப்பிட்டறிய, ஐ.எஸ்.ஓ. 8501 என்னும் சர்வதேசத் தரநூல் 1, 2, 2½, 3 எனப் படிகள் வகுத்துள்ளது. பெரும்பணிகளுக்குப் பெரும்பாலும் வேண்டப்படுவது இரண்டரையாம் படி. அப்படியில் மெல்லிய கறையன்றி வேறொன்றும் எஞ்சலாகாது. காற்றிலுள்ள நீராவி பனியாய்ப் படியும் வெப்பநிலையினும் இரும்பின் வெப்பம் 3 பாகை செல்சியஸேனும் மிக்கிருத்தல் வேண்டும். இன்றேல் கண்ணுக்குப் புலனாகா ஈரம் படியும். விளிம்புகளிலும் மரையாணிகளிலும் பூச்சு மெலியுமாதலின், அவ்விடங்களைத் தூரிகையால் தனியே தீட்டுவர். துலக்கிய இரும்பை வாளா விடின் சில மணி நேரத்திற்குள் மீண்டும் துரு அரும்பலாம்.

இவ்வாறு அடிவரை துலக்குதலின் பயனை அயல்நாட்டுப் பாலம் ஒன்றிற் காணலாம். ஸ்காத்லாந்தில் 1890-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது போர்த் இரயிற்பாலம். முடிவில்லா வேலையை அப்பாலத்திற்கு வர்ணம் பூசுதலோடு ஒப்பிடுதல் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. 2002 முதல் 2011 வரை நிகழ்ந்த பெரும்பணியில், பழம்பூச்சினை நீக்கி, கண்ணாடிச் சிம்புகள் கலந்த எபாக்ஸிப் பூச்சினைப் பூசினர். அஃது இருபதாண்டிற்கு மேலும் நிற்குமென எதிர்பார்க்கப்படுகின்றது. பழமொழியும் பொருளிழந்தது.

இத்தொழிலில் ஓர் இடர் உண்டு. தச்சன் செய்த பிழை கண்ணுக்குத் தோன்றும். பூச்சுக்காரன் பிழையையோ அவன் பூச்சே மறைத்துவிடும். புறத்தே சுண்ணந் தீற்றி அழகுறத் தோன்றும் கல்லறைகளைச் சுட்டி நம் ஆண்டவர் கூறிய உவமை ஈண்டு நினைவிற்கு வருகின்றது. ஆகவே பூசியபின் ஆராய்தல் மட்டும் போதாது. பூசுங் கையே முன்னர் ஆராயப்படல் வேண்டும்.

இவ்வுண்மையை உணர்ந்தே அமெரிக்காவில் துருத்தடுப்புப் பொறியாளர் சங்கமும் பூச்சுத்தொழிற் சங்கமும் கூடி, பூச்சுத் தொழிலாளர்க்கென ஒரு தகுதிநூலை இயற்றின. அவ்விரு சங்கங்களும் 2021-ஆம் ஆண்டில் ஒன்றாயின. தொழிலாளி அறிய வேண்டுவன யாவை, அவன் பெறவேண்டிய பயிற்சியும் அனுபவமும் எவை என்பவற்றை அந்நூல் வகுக்கின்றது. அவ்வழி நடைபெறும் சோதனையில் ஏட்டறிவோடு கைத்திறமும் ஆராயப்படுகின்றது. ஒப்பந்தக்காரர்க்கும் தனியே தகுதிச் சான்றிதழ் உண்டு. எனினும் நிறுவனத்தின் சான்றிதழ் குழாயைப் பிடிக்கும் கைக்குத் திறம் அளியாதன்றோ?

பயிற்சியின்மையால் கேடுறுவது இரும்பு மட்டுமன்று. மணலை எறிந்து துலக்குங்கால் எழும் நுண்துகள் நுரையீரலிற் படிந்து, தீராத சிலிக்கோசிஸ் நோயை விளைக்கும். தன் மூச்சினைக் காக்கும் முறையறிதலும் இத்தொழிற் கல்வியின் ஒரு பகுதியே.

நம் நாட்டில் இத்தொழிலாளர் பலர் மூத்தோர் கை பார்த்துக் கற்றவரே. அவர்தம் அனுபவத்தைச் சோதித்துச் சான்றளித்து, அதற்குத் தக ஊதியமும் அளிப்பின், பாலமும் நெடிது நிற்கும். அதனைக் காப்போரும் நலமுறுவர். ஏட்டுத் தேர்வெழுதிப் பட்டம்பெற விழையும் நாம், கயிற்றில் தொங்கியவண்ணம் கடற்காற்றிடையே தேர்வு கொடுப்பவனையும் கற்றோன் என்று மதிக்கக் கற்போமாக.