வேலியோரத்துச் செங்காந்தள்

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தமிழர் கணக்கில் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்கள். சேலம் சூரமங்கலத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாட்களில் ஒரு தனிச் சுகம் உண்டு. இரவு மழை விட்ட விடியலில் ரயில் ஜங்ஷன் பக்கம் நின்று பாருங்கள். சேர்வராயன் மலை கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று தெரியும்.

அப்படி ஒரு காலை நடையில், வேலியோரம் செங்காந்தளைப் பார்த்தேன். நம் மாநில மலர். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் இலை நுனியே சுருண்டு முள்கம்பியைப் பற்றியிருந்தது. அந்தப் பிடியில்தான் கொடி மேலே ஏறுகிறது. பூவுக்கு ஆறு இதழ். மஞ்சளாக விரிந்து, நாளாக ஆக முழுச் சிவப்பாகிறது. ஒரே கொடியில் இரண்டு நிறத்தையும் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் சீத்தாப்பழக் கூடை. "கண்ணு விரிஞ்ச பழமா எடு கண்ணு, ரெண்டு நாள்ல பழுத்துரும்" என்றார் விற்ற பாட்டி. சொன்னபடியே பழுத்தது.

செங்காந்தளைப் பற்றி ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். காந்தள் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு உள்ளது. பூவைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். செடியைத் தொட விடாதீர்கள்.