ஆறு தட்டுகளும் 37 ஆண்டுகளும்

ஒரு கலைஞன் எவ்வளவு படைத்தான் என்று கேட்பது உலக வழக்கம். எத்தனை நூல், எத்தனை படம், எத்தனை கச்சேரி என்று எண்ணிப் பார்த்தே பெருமை பேசுகிறோம். ஆனால் குறுந்தொகையில் ஒரே ஒரு பாட்டால் நிலைத்துவிட்ட செம்புலப் பெயனீராரை நாம் அறிவோம். அவருடைய இயற்பெயர் இன்னதென்றுகூட நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் உவமையே அவருக்குப் பெயராயிற்று. குறைவாகத் தந்தும் நிறைவாகத் தர முடியும் என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

அமெரிக்க ராக் இசை உலகிலும் இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்க ஏற்ற குழு ஒன்று உண்டு. அதன் பெயர் பாஸ்டன். 1976 முதல் 2013 வரை, 37 ஆண்டுகளில் அக்குழு புதிதாகப் பதிவு செய்து வெளியிட்ட ஆல்பங்கள் ஆறே ஆறு. அவற்றுள் முதல் ஆல்பம் மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 70 லட்சம் படிகளுக்குச் சான்று பெற்றது. அந்தக் குழுவின் உயிர்நாடியாக விளங்கியவர் இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவர். பொறியியல் பயிலும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் இருப்பதால், அவருடைய வரலாறு நமக்குச் சுவை தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அரங்க ராக் என்றால் என்ன?

முதலில் ஒரு விளக்கம். 1960களின் இறுதியில் ராக் இசையைக் கேட்கக் கூடிய கூட்டம் பெருகியது. நாடகக் கொட்டகைகளும் நடனக் கூடங்களும் போதவில்லை. கூடைப்பந்தும் பனிச்சறுக்கு ஹாக்கியும் ஆடுவதற்காகக் கட்டப்பெற்ற மாபெரும் உள்ளரங்குகளில் கச்சேரிகள் நடக்கலாயின. ஒலிபெருக்கிக் கருவிகள் வளர்ந்ததால் இது இயன்றது. பத்தாயிரம், இருபதாயிரம் பேர் கூடியிருக்கும் இடத்தில் நுணுக்கமான சங்கதிகள் கரைந்து போகும். கடைசி வரிசையில் இருப்பவரையும் எட்டும் இசைதான் அங்கே எடுபடும். ஆகவே உச்சத்தில் நிற்கும் குரல், அடுக்கடுக்காக எழும் மின்கிதார், கூட்டமே சேர்ந்து பாடத்தக்க பல்லவி ஆகிய மூன்றும் அந்த இசையின் இலக்கணம் ஆயின. இதையே அரினா ராக், அதாவது அரங்க ராக் என்றனர்.

குறை சொன்னவர்களும் உண்டு. கம்பெனிகள் கணக்குப் போட்டுச் செய்யும் சரக்கு இது என்று விமரிசகர் சிலர் ஏளனம் செய்தனர். அந்த வசை பாஸ்டன் குழுவின்மீதும் விழுந்தது. அது பொருந்துமா, பொருந்தாதா என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

நிலவறையில் பிறந்த இசை

டாம் ஷோல்ஸ் 1947இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் மேலைச் செவ்விசை முறையில் பியானோ கற்றார். எம்.ஐ.டி. என வழங்கும் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1969இல் இளநிலைப் பட்டமும், 1970இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிறகு, எடுத்தவுடன் படம் தரும் காமிராக்களைச் செய்த போலராய்டு கம்பெனியில் பொறியாளர் ஆனார். பகலில் வேலை, இரவில் இசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒலிப்பதிவுக் கருவிகளாக மாறி, அவர் வீட்டு நிலவறையில் குடியேறியது.

அந்த நிலவறையில் நடந்ததை விளங்கிக்கொள்ளப் பல்தட ஒலிப்பதிவு என்பதை அறிய வேண்டும். நம் கச்சேரி மேடையில் பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூவரும் ஒரே நேரத்தில் இசைக்கின்றனர். பல்தட நாடாவிலோ ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தடம் உண்டு. ஒருவர் முதல் தடத்தில் ஒரு கிதாரை வாசித்துப் பதிவு செய்யலாம். பின்னர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் வேறொரு கிதாரை வாசிக்கலாம். மூன்றாவதில் ஆர்கன், நான்காவதில் பாஸ் கிதார். ஷோல்ஸிடம் 12 தடம் கொண்ட பதிவுக் கருவி இருந்தது. தடங்கள் தீர்ந்துபோனால், இரண்டு மூன்றை ஒன்றாகக் கலந்து ஒரே தடத்தில் இறக்கி, மற்றவற்றைக் காலி செய்துகொள்ள வேண்டும். அப்படி இறக்கும்போதெல்லாம் நாடாவின் இரைச்சல் சிறிது கூடும். கலந்தபின் பிரிக்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு முடிவையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் செய்தாக வேண்டும். பொறியியல் மனம் இல்லாதவர்க்கு இது தலைவலி. ஷோல்ஸுக்கோ அதுவே விளையாட்டாயிற்று.

கருவிகளைப் பெரும்பாலும் அவர் ஒருவரே வாசித்தார். குரலுக்கு மட்டும் பிராட் டெல்ப் என்ற அரிய பாடகர் வாய்த்தார். மேல் ஸ்தாயியில் தெளிவாக நிற்கும் குரல் அவருடையது. பல பேர் சேர்ந்து பாடுவதுபோல் நாம் கேட்கும் பகுதிகளிலும், தடத்தின்மேல் தடமாக அடுக்கப்பட்டிருப்பது டெல்ப் ஒருவரின் குரலே.

மாதிரி நாடாக்களைக் கம்பெனிகள் பலமுறை திருப்பி அனுப்பின. கடைசியில் சி.பி.எஸ். நிறுவனத்தைச் சேர்ந்த எபிக் கம்பெனி 1975இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: கலிபோர்னியாவில் உள்ள தொழில்முறைக் கூடத்தில் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஷோல்ஸுக்கு அது பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் ஓர் உபாயம் செய்தார். குழுவின் மற்ற உறுப்பினரை லாஸ் ஏஞ்சலீஸுக்கு அழைத்துச் சென்று கம்பெனிக்குக் கணக்குக் காட்டினார். ஷோல்ஸோ மாஸச்சூஸெட்ஸில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் தம் நிலவறையிலேயே இருந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகளில் பெரும்பகுதி அங்கே உருவானது. கம்பெனியின் சரக்கு என்று ஏளனம் செய்யப்பட்ட இசை, கம்பெனிக்குத் தெரியாமலே ஒரு வீட்டின் அடியில் பிறந்தது என்பது வேடிக்கை அல்லவா?

ஆறு தட்டுகள்

முதல் தட்டு, "பாஸ்டன்", 1976 ஆகஸ்டில் வெளிவந்தது. உறையில் கிதார் வடிவான விண்கலங்கள் வெடிக்கும் பூமியைவிட்டுப் பறக்கும் ஓவியம். "மோர் தென் எ ஃபீலிங்" என்ற முதற்பாட்டு வானொலிகளில் ஓயாது ஒலித்து, விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை சென்றது. பழைய பாட்டு ஒன்றைக் கேட்கும்போது, பிரிந்து சென்ற பெண்ணின் நினைவு எழுவதைச் சொல்லும் பாட்டு அது. அடுத்த பாட்டான "பீஸ் ஆஃப் மைண்ட்" பதவி ஏணியில் ஏறத் துடிப்பவரைப் பார்த்து மன அமைதியின் அருமையைப் பேசுகிறது. பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்தவர் எழுதிய பாட்டு என்பது அதைக் கேட்டவுடன் விளங்கும்.

இரண்டாம் தட்டு, "டோன்ட் லுக் பேக்", 1978இல் வந்தது. விற்பனைப் பட்டியலில் முதல் இடமும் பெற்றது. ஆயினும் ஷோல்ஸ் மனநிறைவு அடையவில்லை. கம்பெனி அவசரப்படுத்தியதால் முழுமை பெறுமுன் வெளியிட நேர்ந்தது என்று அவர் பின்னர்க் கூறினார். மொத்தமே 34 நிமிடம்தான் ஓடும். இனி எதையும் பாதியில் தருவதில்லை என்று அவர் உறுதி கொண்டார்.

அந்த உறுதிதான் போராட்டத்திற்கு வித்தாயிற்று. ஒப்பந்தப்படி 6 ஆண்டுகளில் 10 ஆல்பங்கள் தர வேண்டும். ஷோல்ஸ் தந்ததோ இரண்டு. சி.பி.எஸ். 1983இல் வழக்குத் தொடுத்தது. அவருக்குச் சேர வேண்டிய உரிமைத் தொகையையும் நிறுத்தி வைத்தது. வேறொருவராயின் பணிந்திருப்பார். ஷோல்ஸுக்குக் கைகொடுத்தது அவர் கற்ற பொறியியல். 1980இல் அவர் ஒரு கருவிக் கம்பெனி தொடங்கியிருந்தார். 1982இல் அது "ராக்மேன்" என்னும் சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கிதாரை அதில் இணைத்துக் காதணி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டால், பெரிய அரங்கில் வாசிப்பது போன்ற ஓசை காதில் மட்டும் கேட்கும். அண்டை அறைக்காரர் தூக்கம் கெடாது. (விடுதியில் வாழும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்!) அந்தப் பெட்டி நன்றாக விற்றது. பாட்டுக்குரிய பணம் தடைப்பட்ட காலத்தில், கைத்தொழில் அவரைத் தாங்கியது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1986இல், எம்.சி.ஏ. என்ற வேறு கம்பெனி மூலம் மூன்றாம் தட்டு வெளிவந்தது. பெயரும் "தேர்ட் ஸ்டேஜ்", மூன்றாம் கட்டம். எட்டு ஆண்டுக் காலம் காத்திருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. ஆல்பமும் முதல் இடம் பெற்றது. "அமாண்டா" என்ற பாட்டும் முதல் இடம் பெற்றது. பாட்டுக்குப் படம் எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டினால்தான் விற்கும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. "அமாண்டா"வுக்கு அப்படி ஒரு படமும் எடுக்கவில்லை. 1990இல் நடுவர் குழு ஷோல்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது.

நான்காம் தட்டு "வாக் ஆன்" 1994இல் வந்தது. இதில் டெல்ப் பாடவில்லை. ஃபிரான் காஸ்மோ முதன்மைப் பாடகர். ஐந்தாவது "கார்ப்பொரேட் அமெரிக்கா", 2002. பெரும் நிறுவனங்களின் பேராசையைச் சாடும் தலைப்புப் பாட்டு அதில் உண்டு. டெல்ப் மீண்டும் பாடினார். ஆனால் தட்டு முன்போல் விற்கவில்லை. 2007 மார்ச்சில் டெல்ப் மறைந்தார். ரசிகர்களுக்கு அது பேரிழப்பு. ஆறாம் தட்டு "லைஃப், லவ் அண்ட் ஹோப்" 2013 டிசம்பரில் வெளிவந்தபோது, அவர் முன்பே பாடிவைத்திருந்த சில பதிவுகளும் அதில் இடம்பெற்றன.

அத்தட்டில் இன்னொரு குரலும் உண்டு. டாமி டிகார்லோ என்பவர் கட்டுமானப் பொருள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். பாஸ்டன் குழுவின் நெடுநாள் ரசிகர். டெல்ப் நினைவாக அவர் பாடி இணையத்தில் இட்ட பாட்டுகள் ஷோல்ஸின் காதுக்கு எட்டின. 2007 ஆகஸ்டில் நடந்த நினைவுக் கச்சேரியில் பாட அழைப்பு வந்தது. பிறகு அவரே குழுவின் பாடகர் ஆனார். அரங்கின் கடைசி வரிசையில் நின்று கூடப் பாடுபவனுக்காக அமைத்த இசை, அப்படிப்பட்ட ஒருவரையே மேடைக்கு அழைத்துக்கொண்டது.

எதை ஏற்பது?

இனித் தீர்ப்புக்கு வருவோம். 1978, 1986, 1994, 2002: தட்டுக்குத் தட்டு எட்டு ஆண்டு இடைவெளி; கடைசிக்கு 11 ஆண்டு. காலம் எடுத்துக்கொண்டால் தரம் தானே வந்துவிடும் என்று சொல்ல முடியுமா? முடியாது. முதல் தட்டும் பல ஆண்டு உழைப்பு. ஆறாவதும் பல ஆண்டு உழைப்பு. முன்னது கேட்டவர் நெஞ்சில் நின்றது. பின்னதைப் பலர் கேட்கவே இல்லை. அவசரமாக வந்த இரண்டாம் தட்டோ இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. நீண்ட நாள் செதுக்கியதால் சில பாட்டுகளில் உயிரோட்டம் குறைந்துவிட்டது என்பாரும் உளர். அவர்கள் கூற்றையும் தள்ளிவிடுவதற்கில்லை.

ஆயின் ஒன்றை மறுக்க முடியாது. ஒரு பணி முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு? செய்தவனுக்கா, செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவனுக்கா? ஷோல்ஸ் நடத்திய வழக்கின் சாரம் இதுவே. அந்த உரிமைக்காக அவர் வருமானத்தை இழந்தார். நண்பர் சிலரைப் பிரிந்தார். புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளை நீதிமன்றப் படிகளில் கழித்தார். விலை பெரிது. அவர் அதைத் தெரிந்தே கொடுத்தார். கொடுக்க முடிந்ததற்குக் காரணம், இசையை நம்பி மட்டும் வாழாமல் வேறொரு தொழிலும் கையில் இருந்ததே ஆகும்.

பகலில் சோதனைக் கூடத்திலும் இரவில் கவிதை ஏட்டிலும் காலம் கழிக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். "இரண்டில் ஒன்றை விட்டுவிடு" என்று அறிவுரை கூறுவோர் எங்கும் உண்டு. அவர்களுக்கு மறுமொழி சொல்லும்போது இந்தப் பொறியாளரை நினைத்துக்கொள்ளலாம். கேட்க விரும்புவோர் முதல் தட்டில் தொடங்குங்கள். அடுத்து மூன்றாவதைக் கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 75 நிமிடம் போதும். நல்ல காதணி ஒலிபெருக்கி இருந்தால் இன்னும் நன்று. எந்தத் தடத்தின்மேல் எந்தத் தடம் ஏறி நிற்கிறது என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். நிலவறையில் இருந்துகொண்டு பேரரங்குக்கு இசை அமைத்த மனிதரின் கைவேலை அப்போது தெளிவாகத் தெரியும்.