ஆலங்கட்டி தாங்குமா உங்கள் மாடி சோலார்?

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. 78,000 ரூபாய் மானியத்தை விட்டுவிடக் கூடாதென்று அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை பலரும் அவசரப்படுகிறார்கள். மானியக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் வேறு: "கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்தால் பேனல் தாங்குமா? விற்பவர், சர்டிபிகேட் இருக்கு, பயப்படாதீங்க என்கிறார்."

சான்றிதழ் இருப்பது உண்மை. எதற்கான சான்று என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரத்தின் குறைந்தபட்சச் சோதனை இது: நெல்லிக்காய் அளவில், 25 மில்லிமீட்டர் விட்டமும் ஏழரை கிராம் எடையும் உள்ள பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் பேனலின் 11 இடங்களில் அடிப்பார்கள். கண்ணாடி உடையாமல், மின்காப்பு கெடாமல் இருந்தால் தேர்ச்சி. ஒவ்வோர் அடியின் ஆற்றலும் 2 ஜூல்.

கட்டி பெரிதானால் எடை கூடும். விழும் வேகமும் கூடும். 45 மில்லிமீட்டர் உருண்டைக்கு அதே தரம் வைத்திருக்கும் கணக்கு 44 கிராம், நொடிக்கு 30.7 மீட்டர். அதாவது 21 ஜூல். விட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அடி பத்து மடங்காகிவிட்டது! அளவைச் சொல்லாமல் "ஆலங்கட்டி தாங்கும்" என்று விளம்பரம் செய்வது பாதி உண்மை. மானிய விதியும் பேனல் இந்தியத் தயாரிப்பா என்று கறாராகக் கேட்கிறது. கட்டி விஷயத்தில் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடுகிறது.

சாய்வும் நமக்குச் சாதகமாக இல்லை. 2019 மே மாதம் டெக்சாஸில் ஒரே சூரிய மின்நிலையத்தில் லட்சக்கணக்கான பேனல்கள் ஆலங்கட்டியால் சேதமாயின. இன்று அங்கே புயல் எச்சரிக்கை வந்தால் மோட்டார் வைத்துப் பேனல்களைச் சாய்த்துவிடுகிறார்கள். 60 பாகை சாய்த்தால், நேர்மேலிருந்து விழும் கட்டியின் அடி கால்பங்காகிவிடும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே பேனல்களைச் சுமார் 10 பாகையில்தான் படுக்க வைக்கிறோம். அடியில் 97 சதவீதம் அப்படியே இறங்கும். அதற்காகத் தூக்கி நிறுத்தினால் ஆடிக் காற்று சட்டத்தோடு பிடுங்கிவிடும்.

ஆறுதலும் உண்டு. நம் பகுதியில் வானம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேதான் உறைநிலையைத் தொடுகிறது. விழும் கட்டி வழியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். ஆற்றங்கரை ஊர்களில் நான் அதிகம் அஞ்சுவது தென்னையைத்தான். ஒரு கிலோ தேங்காய் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 49 ஜூல். எந்தச் சான்றிதழும் அதைச் சோதிக்கவில்லை. பேனல் போடும் முன் மரத்தைப் பாருங்கள்.

எந்தக் கண்ணாடி? முன்பக்கம் 3.2 மில்லிமீட்டர் டெம்பர்டு கண்ணாடி இருந்தால் நல்லது. இருபுறமும் 2 மில்லிமீட்டர் என்றால் பெரிய உருண்டைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

வலை கட்டலாமா? நிழல் விழும், மின்சாரம் குறையும், வேண்டாம்.

25 ஆண்டு வாரண்டி? அது உற்பத்தித் திறனுக்கு. ஆலங்கட்டிச் சேதத்துக்கு அல்ல.

காப்பீடு? 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் சோலார் பேனலும் அடங்கும். ஆலங்கட்டி சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடைந்துவிட்டால்? வெயில் இருக்கும்வரை உடைந்த பேனலிலும் மின்சாரம் ஓடும். கை வைக்காமல், படம் எடுத்துவிட்டு, நிறுவியவரை அழையுங்கள்.