தைச்சாச்சு... தபாலில் போடுங்க!

பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, வாழ்த்து அட்டைகளை கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். கரும்பு, காளை, கோலம், சினிமா நட்சத்திரங்கள்... நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கயிறுகள் அநேகமாக அவிழ்ந்துவிட்ட இந்த நாளில், அட்டை வீட்டுக்குள்ளேயே தயாராகத் தொடங்கியிருக்கிறது. அச்சுக்கட்டையில் மை தொட்டுக் குத்தி, பாட்டி காலத்துத் தையல் மெஷினில் ஓரம் அடித்து, பழைய பட்டுப்புடவையின் ஜரிகைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்து, வெகு அழகாகச் செய்கிறார்கள்.

காகிதத்தைப் போய்த் தைப்பார்களா என்று கேட்பவர்கள் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் செய்வதைப் பார்த்தேன். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின். நேர்த்தையல் தவிர வேறெதுவும் வராது. அட்டைக்கு அது போதும்.

முதல் வேலை அச்சு. துணிக்கு அச்சடிக்கும் மரக்கட்டையை மை பேடில் தேய்க்காமல், லேசாகத் தட்டித் தட்டி எடுக்கிறார். தேய்த்தால் செதுக்கின பள்ளத்துக்குள் மை இறங்கி, மயிலுக்குப் பதில் மைத்திட்டுதான் விழும். தாளுக்கு அடியில் மடித்த துணி. கட்டையை வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து. அசைக்காமல் நேர் மேலே தூக்குகிறார். மயிலின் கழுத்துக் கோடு மெலிசாக, உடையாமல் விழுந்திருக்கிறது. மரக்கட்டை கிடைக்காதவர்கள் பள்ளிக்கூட ரப்பரையே பிளேடால் செதுக்கிக்கொள்ளலாம். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ அச்சு தயார்.

மை நன்றாகக் காய்ந்த பிறகே மெஷின். ஈரத்தோடு வைத்தால் மெஷின் பாதத்தில் மை ஒட்டி, அடுத்த அட்டையில் தீற்றிவிடும். ஊசி 11 அல்லது 14 நம்பர். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். துணிக்குப் போடுவதுபோலப் பொடித்தையல் போட்டால், தபால் தலையின் ஓரத்தில் இருப்பது மாதிரி வரிசையாகத் துளை விழுந்து தாள் அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். ரிவர்ஸ் அடித்துத் தையலை முடிப்பதும் கூடாது. நூல் முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுகிறார். மூலை வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பிக்கொள்கிறார். மூலைக்கு முந்தைய இரண்டு மூன்று தையலைக் காலால் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றியே போடுகிறார். துணியில் தப்பான தையலைப் பிரித்துவிடலாம். தாளில் விழுந்த துளை விழுந்ததுதான்.

மடித்த அட்டையை நேரடியாகத் தைப்பதில்லை என்பதையும் கவனித்தேன். மேல்தாளை மட்டும் தனியாகத் தைத்து, பிறகு அதை அட்டையின் மேல் ஒட்டுகிறார். பின்பக்கத்து முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடுகின்றன. எல்லாம் முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றி, பிரஷ்ஷால் காகிதத் தூசியைத் தட்டிவிடுகிறார். அட்டை தைத்த ஊசிக்குத் தனி டப்பா. தாள் ஊசியை மழுங்கடித்துவிடும்; அதைக்கொண்டு மறுபடி ஜாக்கெட் தைத்தால் துணியின் இழை இழுத்துக்கொள்ளும்.

தாளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பருத்தித் துணிக் கழிவை அரைத்துச் செய்யும் கைக்காகிதம் புதுச்சேரியில் கிடைக்கிறது. பருத்தியின் நார் நீளமானது. மரக்கூழ்த் தாளைவிட ஊசித் துளையை நன்றாகத் தாங்கும். மெஷினில் செய்த தாளில் நார் ஒரே திசையில் ஓடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும், எதிர்த்து மடித்தால் வெடிக்கும். ரீஃபில் தீர்ந்த பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்திவிட்டு மடிப்பது நல்லது.

இந்த வேலையில் வருமானமும் உண்டு, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஆர்டர் வருகிறது. அதை விலாவாரியாக இன்னொரு வாரம் பார்க்கலாம். என் மனதை அரிப்பது வேறு.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த அட்டைகள் எங்கே போகின்றன? பயிற்சி வகுப்பு ஒன்றில் பார்த்தேன். அட்டை முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்தார்கள், ஸ்டேட்டஸில் போட்டார்கள், அதையே எல்லோருக்கும் அனுப்பினார்கள். அட்டை பைக்குள் போனது. உள்பக்கம் வெறுமையாகவே இருந்தது. 'யாருக்கு அனுப்பப் போகிறீர்கள்?' என்று கேட்டதற்கு, 'அனுப்பியாச்சே' என்று போனைக் காட்டினார்கள்.

வாழ்த்து அட்டையைப் பரவலாக்கியதே தபால்தான். இங்கிலாந்தில் 1840ல் நாடு முழுவதும் ஒரே கட்டணம், ஒரு பென்னி என்று வந்தது. மூன்றே வருடத்தில், 1843ல், லண்டனில் முதல் கிறிஸ்துமஸ் அட்டை விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1854ல் தூரம் பார்க்காமல் கடிதத்துக்கு அரை அணா என்று ஆனது. நம் பொங்கல் அட்டையும் உறையை ஒட்டாமல் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதி, ஊர் ஊராகப் போன அட்டைதான். ஊசித் துளையை விரல் தடவ வேண்டும், நூலின் மேடு கையில் தட்டுப்பட வேண்டும். போட்டோவில் அது எப்படி வரும்?

கடிதம் போடாத தேசம் எப்படி இருக்கும் என்பதற்கு இப்போது உதாரணம் வந்துவிட்டது. டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த அரசுத் தபாலின் கடிதப் பட்டுவாடா 2025 இறுதியோடு நின்றது. தெருவிலிருந்த சிவப்புப் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அங்கே இனி கடிதம் போட தனியார் சேவையைத்தான் நாட வேண்டும். போடுகிற கை குறைந்தால் பெட்டிக்கு எங்கேயும் இதே கதிதான். காகிதமும் பெட்ரோலும் மிச்சம் என்று வாட்ஸ்ஆப் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தினம் முப்பது காலை வணக்கப் படங்களைத் திறக்காமலே அழிக்கும் நமக்கு, வருடத்துக்கு நாலு அட்டை ஒன்றும் பாரமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வகுப்பிலிருந்த பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா வீட்டு முகவரி தெரியவில்லை. 'லொகேஷன் இருக்கு' என்றார்கள். 1972 முதல் நம்மிடம் இருக்கும் ஆறு இலக்க பின்கோடில் முதல் எண் மண்டலத்தையும் கடைசி மூன்று எண்கள் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் காட்டும் என்று சொன்னபோது, ஆச்சரியமாகக் கேட்டார்கள். நம்முடையது ஏன் 6ல் தொடங்குகிறது என்று ஒரு பையன் உடனே திருப்பிக் கேட்டான். ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்லை; சொல்லித்தர ஆள்தான் இல்லை.

அதனால் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கட்டணத்தோடு ஒரு உறை, ஒரு ஸ்டாம்ப் காசையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் யாராவது ஒருவருடைய முழு முகவரியை பின்கோடோடு எழுதிக்கொண்டு வரட்டும். அட்டையின் உள்ளே நாலு வரியாவது கையால் எழுதட்டும். மணியும் கண்ணாடித் துண்டும் வைத்து மேடாக்க வேண்டாம், தபாலில் நசுங்கும். நூலும் துணியும் தட்டையாகப் போய்ச் சேரும். ஒட்டும் முன்பு எடை பாருங்கள். 20 கிராமைத் தாண்டினால் ஸ்டாம்ப் கூடுதலாக ஒட்ட வேண்டும், இல்லையென்றால் தாத்தா காசு கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பாவது பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.