மடி போதாது
சேத்தூரிலிருந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கோ காரில் கிளம்பினால், பிள்ளை பெரும்பாலும் அம்மா மடியில்தான் இருக்கும். குழந்தை இருக்கையில் வைத்தால் வீறிட்டு அழுகிறது, மடியைவிடப் பத்திரம் எது என்பார்கள். அந்தப் பாசத்தில் குறையில்லை; கணக்குத்தான் வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி மேலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நொடியில் பத்து கிலோ பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பக்கத்து ஊர்தானே என்றால், அந்தக் கொஞ்ச தூரமும் லாரிகளும் பஸ்களும் விரையும் தென்காசி சாலைதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

அழுகையைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. வெயிலில் நின்ற காரில் இருக்கை வாரின் கொக்கி சுடும். வார் தோளை அறுக்கும். வயிறு முட்டப் பால் குடித்திருந்தால் குமட்டும். கிளம்புமுன் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், நிழலில் நிறுத்துங்கள், மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். இருக்கையை முதலில் வீட்டுக்குள்ளேயே வைத்து விளையாட விடுங்கள். ஒருநாள் மடி, ஒருநாள் இருக்கை என்று மாற்றினால் அழுகைதான் நீளும். தாங்க முடியாமல் அழுதால் காரை ஓரங்கட்டி நிறுத்தி, தூக்கிச் சமாதானப்படுத்தி, மறுபடி வாரை மாட்டிய பிறகே கிளம்புங்கள்.