கர்த்தூசியர் சபை

கர்த்தூசியர் சபை என்பது கத்தோலிக்கத் திருச்சபையிலுள்ள தியான வாழ்வுத் துறவற சபைகளுள் ஒன்றாகும். இது 1084ஆம் ஆண்டில் புனித புரூனோவால் பிரான்சு நாட்டின் தென்கிழக்கில், கிரெனோபிள் நகருக்கு அண்மையிலுள்ள சார்த்ரூஸ் மலைப்பகுதியில் தொடங்கப்பட்டது. அம்மலையின் பெயரிலிருந்தே சபையின் பெயரும் வந்தது. இச்சபையினர் ஊர்தோறும் சென்று போதிப்பதில்லை. பள்ளிகளோ மருத்துவமனைகளோ நடத்துவதில்லை. பங்குப் பணியும் ஏற்பதில்லை. தனிமையிலும் மௌனத்திலும் இறைவேண்டல் செய்வதே இவர்களது பணி. 12ஆம் நூற்றாண்டு முதல் பெண் துறவியரும் இச்சபையில் உள்ளனர்.

தோற்றம்

கொலோன் நகரில் பிறந்த புரூனோ, ரைம்ஸ் பேராலயப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் திருத்தந்தையான இரண்டாம் அர்பன் அங்கு அவரிடம் பயின்றவர். பதவிகளைத் துறந்து ஆறு தோழர்களுடன் வந்த புரூனோவுக்கு, கிரெனோபிள் ஆயர் புனித ஹியூ மலையிடுக்கில் ஓர் இடத்தைக் காட்டினார். அந்த அறுவருள் நால்வர் திருநிலையினர், இருவர் பொதுநிலையினர். தனியறைத் துறவிகள், உழைப்புச் சகோதரர்கள் என்னும் இரு பிரிவுகள் இன்றும் சபையில் இருப்பதற்கு இதுவே தொடக்கம்.

1090ஆம் ஆண்டில் இரண்டாம் அர்பன் தம் முன்னாள் ஆசிரியரை உரோமைக்கு அழைத்துக்கொண்டார். புரூனோ மீண்டும் சார்த்ரூசுக்குத் திரும்பவில்லை. 1101இல் இத்தாலியின் கலாபிரியாவில் இறந்தார். அவர் ஒழுங்குநூல் எதையும் எழுதி வைக்கவில்லை. மடத்தின் ஐந்தாம் தலைவரான முதலாம் குயிகோ, ஏறத்தாழ 1127இல் அங்கு நிலவிய வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். ஒரு மடத்தில் பதின்மூன்று துறவிகளும் பதினாறு சகோதரர்களும் மட்டுமே இருக்கலாம் என்பது அவர் வகுத்த வரம்பு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் வறண்ட மலைநிலம் சோறு போடாது. துறவிகள் பிச்சைக்கு அலைய நேரிடும். தனிமை கெடும் என்பதே காரணம். பிற்காலத்தில் எண்ணிக்கை மாறினாலும், பெருகுவதை விடத் தனிமையைக் காப்பதே முதன்மை என்ற எண்ணம் மாறவில்லை.

1132இல் பனிச்சரிவு ஒன்று மடத்தின் மீது விழுந்து ஏழு துறவிகள் இறந்தனர். அதன்பின் மடம் பள்ளத்தாக்கில் சற்றுக் கீழே, இப்போதுள்ள இடத்தில் எழுப்பப்பட்டது. இதுவே தலைமை மடமான கிராண்ட் சார்த்ரூஸ். பலமுறை தீக்கிரையான இம்மடத்தின் இன்றைய கட்டடங்களில் பெரும்பாலானவை 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் கட்டப்பட்டவை.

தனியறை

தனியறை எனப்பட்டாலும் அது உண்மையில் ஒரு சிறு வீடாகும். கீழ்த்தளத்தில் விறகு அடுக்கும் இடமும் தச்சுப் பட்டறையும் உள்ளன. மதில் சூழ்ந்த ஒரு சிறு தோட்டமும் உண்டு. மேல்தளத்தின் முன்னறையைக் கடக்கும்போது துறவி மரியாவின் திருவுருவத்தின் முன் 'மரியே வாழ்க' செபம் சொல்வது வழக்கம். உள்ளறையில் அவர் செபிக்கிறார், படிக்கிறார், உண்கிறார், உறங்குகிறார். கதவருகே சுவரில் ஒரு சிறு திறப்பு இருக்கும். சகோதரர் ஒருவர் அதன்வழியே உணவை வைத்துச் செல்வார், பேச்சு இல்லை. வேண்டிய பொருளைச் சீட்டில் எழுதி அங்கேயே வைத்துவிடலாம்.

இறைச்சி உண்பதில்லை. செப்டம்பர் 14 முதல் உயிர்த்த ஞாயிறு வரையிலான நீண்ட நோன்புக்காலத்தில் நாளுக்கு ஒரு முழு உணவு மட்டுமே. வாரத்தில் ஒரு நாள், பொதுவாக வெள்ளிக்கிழமை, அப்பமும் தண்ணீரும்தான்.

ஒரு நாளின் ஒழுங்கு

இவர்களது வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி உறக்கம் இரண்டாகப் பிளக்கப்படுவதே. இரவு எட்டு மணியளவில் படுக்கும் துறவி பதினொன்றரைக்கு எழுகிறார். நள்ளிரவுக்குப் பின் அனைவரும் கோவிலில் கூடி, இரண்டு முதல் மூன்று மணி நேரம் திருப்பாடல்களைப் பாடுகின்றனர். இசைக்கருவி கிடையாது, பெரும்பகுதி இருளிலேயே நடக்கும். பிறகு மீண்டும் உறங்கிக் காலை ஆறரை அளவில் எழுவர். பகலில் கோவிலுக்கு வருவது திருப்பலிக்கும் மாலைப் புகழுக்கும் மட்டுமே. மற்ற வேளைச் செபங்களை மணியோசை கேட்டதும் அவரவர் அறையில் சொல்கின்றனர். இடைப்பட்ட நேரம் படிப்புக்கும் தோட்டம், தச்சு முதலிய கைவேலைக்கும் உரியது. சகோதரர்கள் சமையல், சலவை, பழுதுபார்த்தல் முதலியவற்றை அறைக்கு வெளியே செய்கின்றனர். அவர்களும் இயன்றவரை தனியாகவும் பேசாமலுமே உழைக்கின்றனர்.

எனினும் முழுத் தனிமை மனிதனைச் சிதைத்துவிடும் என்பதைச் சபை அறிந்தே வைத்துள்ளது. ஞாயிறன்று உணவறையில் வாசிப்பைக் கேட்டபடி அனைவரும் சேர்ந்து உண்கின்றனர். பின்னர் கூடி உரையாடுகின்றனர். வாரம் ஒருமுறை மூன்று, நான்கு மணி நேரம் மலைப்பாதைகளில் நடக்கின்றனர். அப்போது இருவர் இருவராகப் பேசிக்கொண்டு செல்வர். துணை அவ்வப்போது மாறுவதால் பிடித்தவரோடு மட்டும் பேசிவிட முடியாது. குடும்பத்தினர் ஆண்டுக்கு இரண்டு நாள் வந்து பார்க்கலாம். வானொலியும் தொலைக்காட்சியும் இல்லை. அறியவேண்டிய உலகச் செய்திகளை மடத்துத் தலைவர் தெரிவிப்பார்.

இறை அழைத்தல்

சேர விரும்புவோர் இருபது வயதுக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்தவர் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. இவ்வாழ்க்கைக்கு உடலும் மனமும் பழகுவது அந்த வயதில் அரிது என்பதே காரணம். முதலில் சில வாரங்கள் மடத்தில் தங்கிப் பார்க்கவேண்டும். பின் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை விண்ணப்ப நிலை, அடுத்து இரண்டாண்டு நவதுறவு, மூன்றாண்டுக்கான தற்காலிக வார்த்தைப்பாடு, மேலும் இரண்டாண்டுக்கு அதன் புதுப்பிப்பு எனப் பயிற்சி தொடர்கிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே இறுதி வார்த்தைப்பாடு.

புதியவர் ஏற்கப்படுவதை மடத்துத் துறவிகள் வாக்களித்துத் தீர்மானிக்கின்றனர். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவருடன் வாழப்போகிறவர்கள் அவர்களே அல்லவா! மக்களைப் பிடிக்காமல் ஒதுங்கி வருகிறவர் தனிமைக்கு உகந்தவர் போலத் தோன்றலாம். ஆனால் சபையின் பார்வையில் அவர் தகுதியற்றவர். தனியறையில் தன் எண்ணங்களிலிருந்து தப்ப வழியில்லை. உள்ளச் சமநிலை அற்றவருக்கு அது தீங்காகவே முடியும். பயிற்சிக்காலத்தில் பலர் விலகிச் செல்கின்றனர். அது தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

வருவாய்

மடத்தின் பெயரைக் கொண்ட சார்த்ரூஸ் என்னும் மூலிகை மது இச்சபையின் முதன்மை வருவாய்களுள் ஒன்று. 1605இல் பாரிசு நகரக் கர்த்தூசியருக்குக் கிடைத்த ஒரு கையெழுத்துப் படியிலிருந்து இது உருவானது; 130 தாவரங்கள் இதில் சேர்கின்றன. செய்முறை மிகச் சில துறவிகளுக்கே தெரியும். உலகெங்கும் தேவை பெருகிய வேளையில், 2021இல் சபையினர் உற்பத்தியைக் கூட்டுவதில்லை என முடிவெடுத்தனர். இம்முடிவு 2023இல் வெளியே தெரியவந்தபோது வணிகர்கள் வியந்தனர். குயிகோவின் பழைய வரம்பை அறிந்தவர்க்கு வியப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அண்மைக் காலம்

பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் வெளியேற்றப்பட்ட துறவிகள் 1816இல் திரும்பினர். 1903இல் அரசு படைவீரர்களைக் கொண்டு மீண்டும் வெளியேற்றியது. 1940இல்தான் மறுபடி வர முடிந்தது. செருமானிய இயக்குநர் பிலிப் குரோனிங் 1984இல் மடத்தைப் படமாக்க அனுமதி கேட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்தே இசைவு கிடைத்தது. செயற்கை ஒளியின்றித் தனியொருவராக அவர் எடுத்த ஆவணப்படம் 2005இல் வெளிவந்தது.

ஐரோப்பாவில் புதிதாக வருவோர் குறைந்துள்ளனர். எசுப்பானியாவின் சரகோசா அருகிலிருந்த மடம் 2012இலும், போர்த்துகலின் எவோரா மடம் 2019இலும் மூடப்பட்டன. எவோராவில் எஞ்சியிருந்த சிலர் எசுப்பானியாவிலுள்ள மற்றொரு கர்த்தூசிய மடத்துக்குச் சென்றனர். தென்கொரியா, பிரேசில், அர்கெந்தீனா ஆகிய நாடுகளிலும் மடங்கள் உள்ளன.

இறந்த துறவியைச் சவப்பெட்டியின்றி, துறவற உடையுடனேயே, முக்காட்டால் முகத்தை மூடி அடக்கம் செய்கின்றனர். மேலே நடப்படும் மரச்சிலுவையில் பெயர் எழுதப்படுவதில்லை.