14 மணி நேரத்துல ஒரு ஆல்பம்: பிளாக் கீஸ் பேண்டோட செலவுக் கணக்கு

"வேலையை விட்டுட்டுப் பிடிச்சதைச் செய்யணும்"னு உங்களுக்கும் தோணியிருக்கும். வருமானம் சரியா வராம எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பீங்கன்னு கணக்குப் போட்டிருக்கீங்களா? கையில 3 லட்சம் இருக்கு, மாசச் செலவு 25,000-ன்னா 12 மாசம். அதே பணம், செலவு 15,000-ன்னா 20 மாசம்.

இந்தக் கணக்கை வாழ்ந்தே காட்டின ரெண்டு பேர் டான் ஆவர்பாக்கும் பேட்ரிக் கார்னியும். அமெரிக்காவுல, டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரத்துல ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க. 2001-ல 'தி பிளாக் கீஸ்' ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் கிடார் வாசிச்சுப் பாடுவார், இன்னொருத்தர் டிரம்ஸ். பேண்டே அவ்வளவுதான்! வர்ற காசுல பங்கும் ரெண்டே ரெண்டு.

2003-ல வந்த 'திக்ஃப்ரீக்னஸ்' ஆல்பத்தை கார்னி வீட்டு பேஸ்மென்ட்ல, பழைய 8-டிராக் டேப் மெஷின்ல, 14 மணி நேரத்துல பதிவு பண்ணாங்க. ஸ்டைலுக்காக இல்லைங்க, ரெக்கார்டு கம்பெனி கொடுத்த சின்ன அட்வான்ஸ் வாடகைக்கே போயிடுச்சு. பொதுவா இந்த அட்வான்ஸை ராயல்டியில கழிச்சுக்குவாங்க. நம்ம ஆபீஸ் சம்பள அட்வான்ஸ் மாதிரிதான். அடுத்த ஆல்பத்தை மூடிக்கிடந்த டயர் ஃபேக்டரியில பதிவு பண்ணாங்க. பேரும் 'ரப்பர் ஃபேக்டரி'!

அந்தச் சமயத்துல ஒரு மயோனைஸ் விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டு பெரிய தொகை பேசினாங்க. 'காசுக்கு விலை போயிட்டாங்க'ன்னு பேர் வந்துடுமோன்னு மறுத்துட்டாங்க. பின்னாடி மனசு மாறி விளம்பரம், சினிமா, டிவின்னு தாராளமாவே பாட்டு கொடுத்தாங்க. என்னைக் கேட்டா, முதல்லயே வாங்கியிருக்கலாம். வாடகை கட்டவே திணறும்போது வர்ற பணத்துக்கு மதிப்பு அதிகம்.

கிராமி விருது கிடைச்சது ஆறாவது ஆல்பத்துக்கு: 2010-ல வந்த 'பிரதர்ஸ்'. முதல் ஆல்பம் 2002. நடுவுல 8 வருஷம்! ஸ்டுடியோவுக்கு லட்சம் லட்சமாக் கொட்டியிருந்தா அதுவரைக்கும் தாங்கியிருக்குமா?

அதுக்கப்புறம் மேடை பெருசாச்சு. அரீனா கச்சேரின்னா லைட், லாரி, ஆளுங்க சம்பளம் எல்லாம் நிலையான செலவு. டிக்கெட் பாதிதான் வித்தாலும் அது குறையாது. நம்ம இ.எம்.ஐ. மாதிரி. 2024-ல அறிவிச்சிருந்த வட அமெரிக்க அரீனா டூரை மொத்தமா ரத்து பண்ணாங்க, மேனேஜர்களை விட்டுப் பிரிஞ்சாங்க. திரும்ப வந்தது சின்ன அரங்கங்களுக்குத்தான்.